நாங்க சாப்பிட்டாச்சு, அண்ணாச்சி

முதல் கொட்டேஷனில்
'நாங்கள்' என்று எழுதியபோது
நான் ஒருத்தன்தான் இருந்தேன்.
வள்ளியூர் ஜெராக்ஸ் கடையில்
டைப் அடித்த பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள்.
எத்தனை பேருண்ணே உங்க கம்பெனியில?
ஒரு கயிறு, ஒரு பெல்ட்டு,
ரெண்டு டப்பா ரெசின்,
சீட்டு கிழிந்த பைக்.
எல்லாவற்றையும் எண்ணி
அஞ்சாறு என்றேன்.

காற்றாலை இறக்கையில் விரிசல் அடைக்கிற சோலி.
எண்பது மீட்டர் உயரத்தில் தொங்கிக்கொண்டு
தேய்த்து, துணி ஒட்டி, பூசி,
காயும்வரை சும்மா கிடக்கணும்.
அப்போது கிழக்கே கடல் ஒரு கோடாய்த் தெரியும்.
மேற்கே மகேந்திரகிரி.
நடுவில் யாரும் இல்லை.
கேட்ட கூலிக்கும் கிடைத்த கூலிக்கும்
நடுவிலும் யாரும் இல்லை.

ஆனி பிறந்து மேக்காத்து பிடித்துவிட்டால்
ஒருத்தரும் ஏற முடியாது.
காற்றாடிக்காரனுக்கு அறுப்பு.
எனக்கு மூணு மாசம்
மளிகைக் கடையைச் சுற்றிப் போகிற பாதை.

அப்படி ஒரு ஆவணிக் கடைசியில் போன் வந்தது.
ராதாபுரம் பக்கம் நாற்பது டவர்.
மாசிக்குள்ள முடியுமா? ஆளு இருக்கா?
இருக்கு.
போனை வைத்துவிட்டுத்தான்
ஆள் தேடக் கிளம்பினேன்.

செல்போன் டவரில் ஏறிப் பழகின அருள்தாஸ் வந்தான்.
அவன் மச்சான் வந்தான்.
லெவிஞ்சிபுரத்துப் பையன்கள் மூணு பேர்,
அதில் ஒருத்தனுக்கு உயரம் என்றாலே பயம்;
அவனைத்தான் கயிறு பார்க்க வைத்தேன்,
இன்றைக்கு வரைக்கும் அவன் பார்த்த கயிறு அறுந்ததில்லை.
கணக்குக்குப் பிரிஸ்கில்லா வந்தாள்.
என் ஆறு வருஷ நோட்டைப் புரட்டிவிட்டு,
உங்க சம்பளத்த எங்கயும் எழுதலியே, அண்ணாச்சி
என்றாள்.
லாபம் என்று நான் நினைத்திருந்ததெல்லாம்
எனக்கு நானே வைத்த பாக்கி.

இப்போது இருபத்துமூணு பேர்.
ரெண்டு ஜீப்பு, பி.எஃப்., இன்சூரன்ஸ்.
பாலிசி எடுக்க வந்தவர் கண்டிப்பாய்ச் சொன்னார்:
ஓனர் ஏறினா செல்லாது.
கையெழுத்துப் போட்டேன்.
தொண்ணூறு நாள் கழித்து வரும் பில்லுக்கும்
சனிக்கிழமை வந்துவிடும் சம்பளத்துக்கும்
நடுவில் இப்போது தொங்குகிறேன்.
அந்த உயரத்துக்கு
யாரும் பெல்ட்டு செய்வதில்லை.

நேற்று காவல்கிணற்றில் நிறுத்தி
பன்னிரண்டு புரோட்டா, ரெண்டு சால்னா.
சைட்டுக்குப் போய் வாக்கிடாக்கியில் கூப்பிட்டேன்.
ஏலே அருளு, இறங்குங்கடே, சாப்பாடு வந்திருக்கு.
காற்று இரைந்தது. பிறகு அவன் குரல்:
நாங்க மேலயே சாப்பிட்டாச்சு, அண்ணாச்சி.

நாங்க.
பின்னால் யாரோ சிரித்தது கேட்டது.
என்னைப் பற்றி இருக்காது.
இருந்தாலும் இருக்கலாம்.
நானும் அந்த உயரத்தில் உட்கார்ந்து
கீழே நின்ற எத்தனை ஓனர்களைச் சிரித்திருக்கிறேன்,
கூடச் சிரிக்க ஆள் இல்லாமல்.

ஆளே இல்லாத நாளில்
நான் எழுதிவைத்த சொல்
இப்போது ஆள் நிறைந்து கிடக்கிறது.
எனக்கு அதில் இடமில்லை.
'நாம' என்று சொல்லியிருந்தால்
இறங்கி வந்திருப்பான்களோ என்னமோ.
நான்தான் எப்போது சொன்னேன் அதை?
போனஸ் கேட்ட அன்றைக்கு
'நீங்க' என்றல்லவா சொன்னேன்.

அண்ணாந்து பார்த்தேன்.
அடைத்த இடம் எதுவென்று தெரியவில்லை.
நல்ல சோலி.
நானாயிருந்தால் இன்னொரு கை பூசியிருப்பேன்.
சொல்லவில்லை.

டிரைவர் நாலு தின்றான். நான் மூணு.
மீதி ஐந்து இலையோடு ஜீப்பில் ஆறிக் கிடக்க,
எண்ணெய் பட்ட பில்லைப்
பிரிஸ்கில்லா மேசையில் வைத்தேன்.
இத என்ன செலவுன்னு எழுத, அண்ணாச்சி?
என்றாள்.